குலைக் கணக்கும் ரூம் டேட்டாபேசும்: நான்கு ஆண்டு அனுபவம்

மலேசியாவில் ஊத்தான் மெலிந்தாங் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்துக்கு 2021-இல் குலைக் கணக்குச் செயலி ஒன்றை எழுதிக் கொடுத்தேன். இன்றுவரை நான்தான் கவனித்து வருகிறேன். யார் எத்தனை குலை வெட்டினார், உதிரிப்பழம் எத்தனை மூட்டை என்று மண்டோர் (வேலையை மேற்பார்க்கும் கங்காணி) கைப்பேசியில் பதிவார். தோட்டத்துக்குள்ளே லைன் கிடைக்காது. அதனால் எல்லாம் கைப்பேசியிலேயே சேர்ந்து, மாலையில் ஆபீசுக்கு வந்ததும் சர்வருக்குப் போகும். அதற்கு ஆண்ட்ராய்டின் ரூமை எடுத்தேன்; கைப்பேசிக்குள்ளேயே தகவலை டேபிள்களாகச் சேமிக்க உதவும் லைப்ரரி அது, அடியில் எஸ்கியூலைட் என்ற டேட்டாபேஸ் ஓடும்.

சர்வர் தகவலை ஜேசன் என்ற எழுத்து வடிவில் தரும், அது அடுக்கடுக்காக இருக்கும்: பிரிவு, அதற்குள் வெட்டுக்காரர்கள், ஒவ்வொருவருக்குள்ளும் அன்றாடப் பதிவுகள். முதலில் ஜேசனைப் படிக்கும் கிளாஸையே டேபிளுக்கும் வைத்தேன். சரிப்படவில்லை. என்டிட்டிக்குள் (டேபிளாக மாறும் கிளாஸ்) இன்னொரு என்டிட்டியின் பட்டியலை ரூம் ஏற்காது. வகையை மாற்றித் தரும் டைப் கன்வர்ட்டர் போட்டு உள்பட்டியலை ஒரே சரமாகத் திணிக்கலாம்தான். அப்புறம் ஒருவரின் மாத மொத்தத்தை எடுப்பதே பெரும்பாடு. இப்போது ஜேசனுக்குத் தனி கிளாஸ், டேபிளுக்குத் தனி கிளாஸ், நடுவில் ஒரு சின்ன ஃபங்ஷன். வெட்டுக்காரரின் ஐடியை அவருடைய ஒவ்வொரு பதிவிலும் எழுதுவது அந்த ஃபங்ஷனின் வேலை. அடுக்காகத் திரும்பப் படிக்க, டேபிள்களை இணைத்துத் தரும் ரிலேஷன் ரூமில் இருக்கிறது. அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

என்னைப் படுத்தி எடுத்தது ரீப்ளேஸ், அதாவது அதே ஐடியில் வரிசை ஏற்கெனவே இருந்தால் புதியதை அதன் இடத்தில் வைக்கச் சொல்லும் வழி. ஒரு மாதக் கடைசியில் வெட்டுக்கார அண்ணன் ஒருவர் நேராக என்னிடம் வந்தார். "தம்பி, நேத்து 112 குலை. மண்டோர் என் கண்ணு முன்னாலதான் அழுத்துனாரு. கிராணி ஒண்ணுமே இல்லங்கிறாரு." கிராணி என்றால் ஆபீஸ் கணக்கர். இங்கே குலைக்குத்தான் கூலி. அந்த 112-உம் அவர் வீட்டுக்குப் போகவேண்டிய காசு.

இரண்டு நாள் தேடினேன். சர்வரிலிருந்து வரும் வெட்டுக்காரர் பட்டியலை ரீப்ளேஸ் வைத்துச் சேமித்திருந்தேன். பழைய வரிசையைத் திருத்தும் என்ற நினைப்பு. எஸ்கியூலைட் திருத்துவதில்லை. பழையதை அழித்துவிட்டுப் புதியதைச் சேர்க்கிறது. பதிவை வெட்டுக்காரரோடு கட்டும் ஃபாரின் கீயில் கேஸ்கேட் (அவர் அழிந்தால் பதிவும் அழியும் என்ற அமைப்பு) இருந்ததால் அவருடைய பதிவுகளும் சேர்ந்தே அழிந்தன. ஏற்கெனவே அனுப்பியவை அதே ஜேசனில் திரும்பி வந்துவிடும், அதனால்தான் அதுவரை யாருக்கும் தெரியவில்லை. அன்று லைன் விட்டுவிட்டு வந்ததில், பதிவுகள் மேலே போகுமுன் பட்டியல் இறங்கிவிட்டது. நல்லவேளை, மண்டோர் நோட்டிலும் எழுதி வைத்திருந்தார்.

இக்னோர் வைத்துச் சேர்ப்பது (ஏற்கெனவே இருந்தால் சேர்க்காமல் விட்டுவிடும்), அப்படி விட்டதற்கு அடையாளமாக -1 திரும்பினால் அப்டேட் செய்வது என்று மாற்றினேன். 2023 ஜனவரியில் ரூம் 2.5.0-உடன் அப்செர்ட் (இல்லையென்றால் சேர், இருந்தால் திருத்து) வந்தது. இரண்டு வேலையும் ஒரே வரியில் முடிந்தது. அடுக்கு முழுவதும் ஒரே டிரான்சாக்ஷனில், ஒரே கட்டாகப் போகிறது, பாதியில் அறுந்தால் எதுவும் ஒட்டாது.

ஆனால் சர்வரில் நீக்கப்பட்டவரை அப்செர்ட் நீக்காது. சர்வர் பட்டியலில் இல்லாதவர்களைப் பிடிக்க நாட் இன் போட்டு மீதியை அழிக்கப் பார்த்தேன். 3.32-க்கு முந்தைய எஸ்கியூலைட்டில் ஒரு குவெரிக்குக் கொடுக்கும் மதிப்புகளுக்கு இயல்பாக 999-தான் வரம்பு. மண்டோர்களின் பழைய கைப்பேசிகளில் செயலி விழுந்தது. சரி என்று, ஒவ்வொரு வரிசையிலும் கடைசியாக இறங்கிய சுற்றின் எண்ணை எழுதி, பழைய எண்ணோடு நிற்பவற்றை மட்டும் அழிக்கிறேன். அனுப்பாத பதிவு இருப்பவரை மட்டும் தொடுவதில்லை.

ரூமை விடும் எண்ணம் இல்லை. அனுப்பாத பதிவுகளின் எண்ணிக்கை இப்போது முதல் திரையிலேயே சிவப்பில் தெரிகிறது. அது பூஜ்ஜியமானதைப் பார்த்துவிட்டுத்தான் மண்டோர் மோட்டார் சைக்கிளைக் கிளப்புகிறார்.