வீடு திரும்பும் விமானத்தில் பெட்டி உடைந்தால்: புகாரைப் பதியாமல் வெளியேறாதீர்கள்

பெருநகரம் ஒன்றில் சில மாதங்கள் தங்கிவிட்டுப் பன்னாட்டு விமானத்தில் வீடு திரும்புகிறவர்கள், அங்கே சேர்ந்த உடைமைகளையெல்லாம் ஒன்றிரண்டு பெட்டிகளில் அடைத்துக்கொண்டுதான் வருகிறார்கள். அந்தப் பெட்டி உடைந்து வந்து சேர்ந்தால் எப்படியெல்லாம் அலைக்கழிக்கப்படுவோம் என்பதை அவர்கள் முன்பே அறிந்திருக்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

நான் இறங்கிய விமான நிலையத்தில் என் பெட்டி ஒரு சக்கரம் பெயர்ந்து, மூடி பிளந்து, உள்ளிருந்த துணி வெளியே தெரியும் நிலையில் வந்தது. விமான நிறுவனத்தின் கவுன்டருக்கு உடனே சென்று புகாரைப் பதியும்படி கேட்டேன். "இங்கே எழுத வேண்டியதில்லை, வீட்டுக்குப் போய் மின்னஞ்சல் அனுப்புங்கள், பணம் வந்துவிடும்" என்ற ஊழியர், எவ்வளவோ வற்புறுத்தியும் படிவம் தரவில்லை. அன்றிரவே படங்களுடன் மின்னஞ்சல் அனுப்பினேன். நெடுநாள் கழித்து வந்த பதிலில், விமான நிலையத்தில் அறிக்கை பதிவாகவில்லை என்றும், சக்கரம் உடைவது வழக்கமான தேய்மானம் என்றும், ஆகவே பொறுப்பேற்க இயலாது என்றும் எழுதியிருந்தார்கள். படிவத்தைத் தர மறுத்தவர்களே படிவம் இல்லாததைக் காரணம் காட்டுவதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

அதன் பிறகுதான், பன்னாட்டு விமானப் பயணங்களில் விமான நிறுவனங்களின் பொறுப்பை வரையறுக்கும் 1999ஆம் ஆண்டின் மாண்ட்ரியல் உடன்படிக்கையைப் படித்தேன். அது பொருந்தும் பயணங்களில், சேதமடைந்த பெட்டியைப் பெற்ற 7 நாட்களுக்குள்ளும், தாமதமாக வந்த பெட்டி என்றால் அது கைக்கு வந்த 21 நாட்களுக்குள்ளும் எழுத்துமூலம் புகார் செய்ய வேண்டும். வழக்குத் தொடர 2 ஆண்டுகள் அவகாசம் உண்டு. விமான நிலையத்தில் பதியும் அறிக்கை வலுவான சான்றுதான் என்றாலும், உடன்படிக்கை கேட்பது எழுத்துமூலமான புகாரை மட்டுமே. பெட்டியின் உள்ளார்ந்த குறையால் நேர்ந்த சேதத்துக்கு நிறுவனம் பொறுப்பாகாது. ஆனால் உடன்படிக்கை விதிக்கும் பொறுப்பைத் தட்டிக்கழிக்கும் எந்த நிபந்தனையும், பயணச்சீட்டிலேயே அச்சிட்டிருந்தாலும், செல்லாது. 2024 டிசம்பர் 28 முதல் பயணி ஒருவருக்கான இழப்பீட்டு உச்சவரம்பு 1,519 எஸ்.டி.ஆர்., அதாவது சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகில் அத்தனை. அது உச்சவரம்பு மட்டுமே என்பதால், உண்மையான இழப்பை நாம்தான் மெய்ப்பிக்க வேண்டும்.

இவற்றை மேற்கோள் காட்டி மீண்டும் எழுதிய பிறகே, அடுத்த பயணத்துக்கான சிறு கூப்பன் ஒன்றைத் தர முன்வந்தார்கள். நான் அதை ஏற்கவில்லை; புகார் இன்னும் நிலுவையில் இருக்கிறது.

ஆகவே பெட்டியை ஒப்படைக்கும் முன் நான்கு பக்கமும் படம் எடுத்து வையுங்கள். போர்டிங் பாஸையும் பெட்டியின் டேக்கையும் பாதுகாத்து வையுங்கள். ஊழியர் படிவம் தர மறுத்தால், அந்தக் கவுன்டர் பின்னணியில் தெரியும்படி உடைந்த பெட்டியைப் படம் எடுத்து, நடந்ததை விவரித்து அங்கிருந்தே நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்பிவிட்டு வெளியேறுங்கள். கூப்பன் தந்தால், "முழுமையான தீர்வாக ஏற்கிறேன்" என்ற வரி அதில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் இசைவு தராதீர்கள்.