எடுக்கமாட்டம் அக்கா, ஆனா வாறம்: ஒரு விலங்கு நல அமைப்போடு நாலரை வருசம்

நாலரை வருசப் பாவனைக்குப் பிறகு எழுதுகிறேன். அமைப்பின் பெயரைப் போடவில்லை. பெயரும் இடமும் போட்டால் நாளைக்கு விடிய அவர்களின் படலையடியில் இன்னும் இரண்டு பெட்டி கிடக்கும், உள்ளே கண் திறக்காத குட்டிகளோடு. பகிடி இல்லை. ஒருநாள் காலை நான் போனபோது அங்கே கட்டின சாக்கு ஒன்று தன்பாட்டில் அசைந்துகொண்டிருந்தது.

2021 தை மாதம். யாழ்ப்பாணம் கொக்குவிலில் எங்கள் வளவில், தண்ணி மோட்டர்க் கொட்டிலுக்குள், எவரோ துரத்திவிட்ட பெட்டை நாய் ஒன்று ஐந்து குட்டி போட்டது. நாயென்றால் எனக்குப் பயமும் இல்லை, பெரிய விருப்பமும் இல்லை. ஆரோ தந்த நம்பருக்கு அடித்து, "வந்து ஏத்திக்கொண்டு போங்கோ, ஓட்டோக் காசு நான் தாறன்" என்றேன். மறுபக்கத்தில் ஒரு பிள்ளை ஆறுதலாகச் சொன்னது: "எடுக்கமாட்டம் அக்கா. ஆனா வாறம்."

எடுக்காத ஆட்கள் என்னத்துக்கு வாறது என்று எனக்குச் சினம். ஒழுங்கையில் ஒருவர், இயக்கச்சியில் சிவபூமி அறக்கட்டளையின் நாய்கள் சரணாலயம் இருக்கு, அங்கே கொண்டுபோய் விடுங்கோவன் என்றார். இதை வந்த பிள்ளையிடம் கேட்டேன். "எல்லாரும் கொண்டுபோய் விட்டால் அதுகளை ஆர் பாக்கிறது? உங்கட கொட்டில் நல்லாத்தானே இருக்கு" என்றாள். பிறகு பூச்சி மருந்தை ஊசியில்லாத சிரிஞ்சில் எடுத்து, குட்டியின் கடைவாய்ப் பக்கத்தால் மெல்ல இறக்கக் காட்டித் தந்தாள். நேரே தொண்டைக்குள் அடித்தால் புரைக்கேறிவிடுமாம். முதல் குட்டிக்கு அவள், மற்ற நாலுக்கும் நான். நாய் வளர்க்க மாட்டேன் என்று சொன்னவள் கையில் மருந்தைத் தந்துவிட்டுப் போவது நல்ல தந்திரம் என்று பிறகுதான் விளங்கியது.

கடுவன் குட்டிகள் மூன்றுக்கும் எட்டுக் கிழமையில் வீடு கிடைத்தது. பெட்டைக் குட்டியை ஆரும் எடுக்க மாட்டினம். வருசத்துக்கு இரண்டு தரம் குட்டி போடும் என்ற பயம். அதற்கு இவர்கள் ஒரு துண்டு எழுதிக் கொடுக்கிறார்கள்: ஆறு மாதமானதும் கருத்தடை இலவசம். அந்தத் துண்டைக் கண்டபிறகுதான் கோண்டாவிலில் ஒரு குடும்பம் ஒன்றை எடுத்தது. மற்றது கறுப்பி. எங்களோடுதான்.

கடுவன்களில் ஒன்று போன வீட்டில் ஊசி போடப் பிந்திவிட்டார்கள். வாந்தி, இரத்தமாய்க் கழிச்சல், மூன்றாம் நாள் முடிந்தது. பார்வோ வைரஸ். அந்த வீட்டுக்காரர் அடுத்த கிழமையே இன்னொரு குட்டி கேட்டார். கொடுக்கவில்லை. அந்தக் கிருமி மண்ணில் மாதக்கணக்கில் கிடக்குமாம். சீமெந்து நிலத்தைக் குளோரின் கரைத்துக் கழுவலாம், மண் வளவை என்ன செய்வது? அவர் முகத்தைத் தூக்கிக்கொண்டு போனார். எனக்கு அமைப்பின் மேல் முதன்முதலாக மதிப்பு வந்தது அன்றைக்குத்தான்.

இப்போது குறை. தாய் நாய்க்குக் கருத்தடை செய்யப் பெயர் கொடுத்தேன். மூன்று மாதம் கழித்துத்தான் முறை என்றார்கள். நாயின் சினைக்காலமே 63 நாள்தான். இவர்களின் வரிசை அதைவிட நீளம். முறை வருவதற்குள் இன்னும் நாலு குட்டி. போனில் நன்றாய்ப் பேசிவிட்டேன். அவர்கள் வாதாடவில்லை. மிருக வைத்தியர் இரண்டு கிழமைக்கு ஒரு நாள்தான் வாறவர் என்றார்கள். ஆறு மணிக்குப் பிறகு போன் எடுக்கமாட்டார்கள், அதுவும் சொல்லத்தான் வேண்டும். நாய்க்கு வருத்தம் வாறது இரவில்தான்.

சத்திரசிகிச்சை நாளைப் போய்ப் பார்க்காமல் இந்த அமைப்பைப் பற்றிக் கதைக்கக் கூடாது. ஒரு மண்டபம், மூன்று மேசை. நெற்றியில் ஒட்டின பிளாஸ்ரரில் நம்பரோடு நாய்கள் சாக்கில் வரிசையாய், நாக்கு வெளியே தள்ள மயங்கிக் கிடந்தன. ஏ.எல் படிக்கிற வயதுப் பிள்ளைகள் குந்தியிருந்து மூச்சு எண்ணினார்கள். முடிந்ததும் காது நுனியில் சின்னதாய் ஒரு வெட்டு, இனி ஆரும் அதைத் திரும்பப் பிடிக்காமல் இருக்க. தையலை நக்காமல் கழுத்தில் போட, கடையில் விற்கிற வளையம் இல்லை. பழைய பெயின்ற் வாளியின் அடியை வெட்டி, விளிம்புக்குத் துணி சுற்றித் தந்தார்கள். பத்து நாள் அந்த வாளியோடு எங்கள் நாய் கதவு நிலை எல்லாம் இடித்துத் திரிந்தது.

காசு கேட்பதில்லை. உண்டியல் இருக்கிறது. நான் போட்டேன், எனக்கு முன்னால் நின்ற ஓட்டோக்கார அண்ணை போடவில்லை, இரண்டு பேருக்கும் ஒரே மருந்துதான். கனடாவில் இருந்து ஒருவர் தாயின் திவசத்துக்கு நாய்களுக்கு ஒருநாள் சோறு கொடுப்பாராம். 2022இல் பெற்றோலும் மருந்தும் இல்லாமல் நாடு நின்றபோது, விசர்நாய்த் தடுப்பூசியை ஐஸ் போட்ட சோற்றுப் பெட்டிக்குள் வைத்துச் சைக்கிளில் வந்தான் ஒரு தம்பி. அந்த வருசமும் கறுப்பியின் அட்டையில் திகதி விடுபடவில்லை.

என் மகனை ரோட்டில் ஒரு நாய் கடித்தபோதும் முதலில் இவர்களுக்குத்தான் அடித்தேன். கடிந்துகொண்டார்கள். "எங்களுக்கு ஏன் அடிக்கிறியள்? குழாயைத் திறந்து சவுக்காரம் போட்டுப் பதினைஞ்சு நிமிசம் கழுவுங்கோ, பிறகு நேரா ஆஸ்பத்திரி. மஞ்சள் ஒண்டும் பூசாதேங்கோ." அரச ஆஸ்பத்திரியில் ஊசி இலவசம். கடித்த நாயைத் தேடிப் பிடித்து இரண்டு கிழமை கண்காணித்தது அவர்கள். 2024 மார்கழியில் குடாநாட்டில் எலிக்காய்ச்சல் வந்து ஆட்கள் செத்தபோது, அது நாயாலும் வரும் என்ற பயத்தில் ஒழுங்கையில் நாய்களை அடித்துக் கலைக்கத் தொடங்கினார்கள். இவர்கள் வீடு வீடாக வந்து, எலியின் சலம் கலந்த வெள்ளத்துக்குள் வெறுங்காலோடு இறங்காதேங்கோ என்று சொல்லி, நாய்களுக்கும் அதற்குரிய ஊசியைப் போட்டார்கள்.

ஆனால் நான் இதை எழுதுவது பின்வளவு மாமிக்காக. பிள்ளைகள் சுவிசில், மாமியும் ஆறு நாயும் பெரிய வீடும். ஏன் மாமி இவ்வளவு நாய் என்று கேட்டால் 1995 ஒக்டோபர் 30 இரவுக்குப் போய்விடுவா. யுத்தத்தால் ஊரோடு இடம்பெயரும்போது நாயைக் கூட்டிப் போகமுடியவில்லை. "கயித்தை அவுட்டு விட்டிட்டு வந்தன் பிள்ளை. அவ்வளவுதான் ஏலுமாயிருந்தது." திரும்பி வந்தபோது கயிறு மட்டும் மாமரத்தில் இருந்ததாம்.

அமைப்பு மாமிக்கு மாதம் ஒரு மூட்டை அரிசியும் உண்ணி மருந்தும் கொடுக்கிறது. போன பங்குனியில் அரிசி கொண்டுவந்த பிள்ளை, நாய்கள் விடாமல் குரைப்பதைக் கேட்டு உள்ளே போய்ப் பார்த்திருக்கிறாள். மாமி குசினி நிலத்தில், இடுப்பு முறிந்து, முதல்நாள் பின்னேரத்தில் இருந்து. அடுத்த வளவில் இருக்கிற எனக்குத் தெரியாது. நாய்கள் குரைத்தன, நான் யன்னலைச் சாத்தினேன்.

மாமி ஆஸ்பத்திரியில் இருந்த ஐந்து கிழமையும் காலைச் சோறு நான், இரவுக்கு அவர்கள். போன் அடித்தால் மாமி தன்ர இடுப்பைப் பற்றி ஒன்றும் சொல்ல மாட்டா. "மீன்தலை போட்டனியோ? அந்த நொண்டி கடைசியாத்தான் வரும், அதுக்கு வேறையா வை." நொண்டிக்கு வேறாகத்தான் வைத்தேன். மாமி திரும்பி வந்த பிறகும் அது காலையில் வேலிப் பொட்டுக்குள்ளால் என் கிணற்றடிக்கு வந்து நிற்கிறது.