மாஸ்டா ஆர்எக்ஸ்-8க்கு அசல் இக்னிஷன் காயில்: வாங்கலாம், ஆனால் கம்ப்ரஷன் பார்த்துவிட்டு

மாஸ்டா ஆர்எக்ஸ்-8 ரோட்டரி எஞ்சின் கார். அதன் பிளக்கில் பொறி விழ உயர் மின்னழுத்தம் தருவது இக்னிஷன் காயில். அசல் பாகம் எண் என்3எச்1-18-100சி. வண்டி ஒன்றுக்கு நான்கு காயில் வேண்டும். நான்கும் ஒரே பாகம்தான். லீடிங் (கீழ்) பிளக்குக்கு ஒன்று, டிரெய்லிங் (மேல்) பிளக்குக்கு ஒன்று என்று தனித்தனியாகக் கிடையாது. எங்கள் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். ஆர்எக்ஸ்-8ஐ டர்போ ஏற்றாமல் ரோட்டில் ஓட்டுகிறவர்களுக்கு இதுவே சரியான தேர்வு. நான்கையும் ஒன்றாக, பிளக், பிளக் ஒயரோடு சேர்த்து மாற்றுங்கள். 50,000 கிலோமீட்டருக்கு மேல் நம்பாதீர்கள். ஆயில் ஃபில்டர் எப்படியோ அப்படித்தான் இந்த வண்டியில் காயிலும்: ஓடினாலும் நேரம் வந்தால் மாற்ற வேண்டிய பொருள்.

2003ல் வந்து 2012ல் உற்பத்தி நின்ற கார் இது. இங்கிலாந்திலும் கனடாவிலும் இன்று மலிவாகக் கைமாறும் ஆர்எக்ஸ்-8களில் "எஞ்சின் போச்சு" என்று விலை குறைத்து விற்கப்படுபவை நிறைய. அதில் ஒரு பங்கு வண்டிகளுக்கு உண்மையான கோளாறு காயிலில்தான் இருக்கிறது. மறுபக்கம், எஞ்சின் தேய்ந்துபோன வண்டிக்குப் புதுக் காயில் போட்டுக் காசை இழக்கிறவர்களும் இருக்கிறார்கள். எது எது என்று பிரித்துப் பார்ப்பதற்கான வழியையும் சேர்த்தே எழுதுகிறோம்.

காயில் ஏன் இவ்வளவு சீக்கிரம் சாகிறது? சாதாரண நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் ஒரு சிலிண்டரின் பிளக் இரண்டு சுற்றுக்கு ஒரு முறை பொறி விடும். பிஸ்டனுக்குப் பதில் இரண்டு முக்கோண ரோட்டர்கள் சுழலும் இந்த ரோட்டரி எஞ்சினில் ஷாஃப்ட் ஒவ்வொரு முறை சுற்றும்போதும் ஒவ்வொரு பிளக்கும் பொறி விட்டாக வேண்டும். 9,000 ஆர்பிஎம்மில் ஒரு காயில் வினாடிக்கு 150 முறை வேலை செய்கிறது. இரண்டு பொறிக்கு நடுவே கிடைப்பது 7 மில்லி வினாடிக்கும் குறைவு. அதற்குள் சார்ஜ் ஆகவும் வேண்டும், ஆறவும் வேண்டும். போதாததற்கு நான்கு காயிலும் எஞ்சின் மேலேயே ஒரே பிராக்கெட்டில் நெருக்கமாக உட்கார்ந்திருக்கின்றன. வண்டியை நிறுத்திய பிறகும் எஞ்சின் சூடு அவற்றில்தான் ஏறுகிறது. உள்ளே இருக்கும் இன்சுலேஷன் மெல்ல மெல்லத் தளர்ந்து, காயில் ஒரேயடியாகச் சாகாமல் பலவீனமாகிறது. ஆபத்து அந்த இடைக்காலத்தில்தான்.

ஒவ்வொரு ரோட்டருக்கும் இரண்டு பிளக். கீழே இருப்பது லீடிங், மேலே இருப்பது டிரெய்லிங். எரிப்பின் பெரும்பகுதியை லீடிங்தான் நடத்துகிறது. அதனால் டிரெய்லிங் காயில் ஒன்று செத்துப்போனாலும் வண்டி ஓடும், ஐட்லிங்கும் கிட்டத்தட்ட சரியாகவே நிற்கும், செக் எஞ்சின் விளக்கும் எரியாமல் இருக்கலாம். மைலேஜ் குறையும், 6,000 ஆர்பிஎம்முக்கு மேல் புல்லிங் இருக்காது, சைலன்சர் பக்கம் பெட்ரோல் வாடை வரும். எரியாத பெட்ரோல் நேராக, புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டருக்குள் போய் அங்கே எரிகிறது. கன்வர்ட்டர் பழுக்கக் காய்ந்து, உள்ளே இருக்கும் தேன்கூட்டு அமைப்பு உருகி அடைத்துக்கொள்கிறது. புகை வெளியேற வழியில்லாமல் அந்தச் சூடு திரும்ப எஞ்சினுக்கே வருகிறது. ரோட்டரின் விளிம்பில் அழுத்தம் கசியாமல் அடைக்கும் சீல்கள் அதில்தான் அடிபடுகின்றன. மலிவான ஒரு காயிலைத் தள்ளிப்போட்டதால் எஞ்சினையே திறக்கும்படி ஆவது இப்படித்தான். செக் எஞ்சின் விளக்கு விட்டு விட்டு எரிந்தால் கன்வர்ட்டர் கெடும் அளவுக்கு மிஸ்ஸிங் (பெட்ரோல் சரியாக எரியாமல் போவது) இருக்கிறது என்று பொருள். அந்த நிலையில் வீடு வரைக்கும் ஓட்டிப் பார்க்கலாம் என்று நினைக்காதீர்கள்.

சோதனைக்கு வருவோம். ஸ்கேனரில் கோளாறுக் குறியீடு (கோடு) பி0301 வந்தால் முன் ரோட்டர், பி0302 வந்தால் பின் ரோட்டர், பி0300 என்றால் இரண்டிலும் மாறி மாறி மிஸ்ஸிங். பி0301 மட்டும் வருகிறது என்றால் முன் ரோட்டரின் லீடிங் காயிலையும் பின் ரோட்டரின் லீடிங் காயிலையும் இடம் மாற்றுங்கள். ஒயரும் பிளக்கும் பழைய இடத்திலேயே இருக்கட்டும். கோடு பி0302க்கு மாறினால் காயில்தான் கோளாறு. மாறாமல் அதே கோடு வந்தால் டிரெய்லிங் காயில்களையும் அதேபோல் இடம் மாற்றிப் பார்த்துவிட்டு, ஒயர், பிளக், கப்ளர் (ஒயர் இணைப்பு), எர்த் ஆகியவற்றைப் பாருங்கள். சாலையில் உப்பு போடும் ஊர்களில் ஓடிய வண்டி என்றால் கப்ளர் பின்னில் பச்சை பூத்திருக்கும். அதைச் சுத்தம் செய்யாமல் எந்த முடிவுக்கும் வராதீர்கள்.

மல்டிமீட்டரால் ஓம்ஸ் பார்ப்பது இங்கே வீண் வேலை. காயிலுக்குள்ளேயே பவர் டிரான்சிஸ்டர் இருக்கிறது. அதோடு இன்சுலேஷன் கசிவு உயர் மின்னழுத்தத்தில்தான் தெரியும், மீட்டரின் சின்ன பேட்டரிக்குத் தெரியாது. பிளக்கைக் கழற்றி பாடியில் வைத்து செல்ஃப் அடித்து, "பொறி நல்லா வருது" என்று சொல்வதும் போதாது. வெளிக்காற்றில் பொறி பாய்வது எளிது. எஞ்சினுக்குள் அழுத்தம் ஏறிய கலவையில் அதே இடைவெளியைத் தாண்ட இன்னும் அதிக மின்னழுத்தம் தேவை. இடைவெளியைக் கூட்டிக் குறைக்கக்கூடிய ஸ்பார்க் டெஸ்டர் ஒன்று வாங்கி, நான்கு காயிலையும் ஒரே இடைவெளியில் ஒன்றோடொன்று ஒப்பிடுங்கள். நீலநிறத்தில் சுள்ளென்று பாய்வது நல்லது. ஆரஞ்சாக மெலிந்து விட்டு விட்டு வந்தால் அது போய்விட்டது. சோதிக்கும்போது ஆக்சிலரேட்டரை முழுவதும் மிதித்துக்கொண்டு செல்ஃப் அடித்தால் கம்ப்யூட்டர் பெட்ரோலை நிறுத்திவிடும், எஞ்சின் பெட்ரோலில் மூழ்காது. டைமிங் லைட் இருந்தால் இன்னும் எளிது: கிளாம்பை ஒவ்வொரு ஒயரிலும் மாட்டி, ஐட்லிங்கிலும் 4,000 ஆர்பிஎம்மிலும் பாருங்கள். ஒளி தடுமாறும் ஒயர் எதுவோ அந்த வரிசையில் கோளாறு. எஞ்சின் சூடான பிறகு இன்னொரு தடவை பார்ப்பது அவசியம். குளிர்ந்த நிலையில் தேர்ச்சி பெறும் காயில் பல, சூட்டில் தோற்றுவிடும்.

இப்போது கம்ப்ரஷன், அதாவது எஞ்சினுக்குள் கலவை அழுத்தப்படும் அளவு. குளிர்ந்த எஞ்சின் ஒழுங்காக ஸ்டார்ட் ஆகி, சூடான எஞ்சின் மட்டும் ஸ்டார்ட் ஆக அடம்பிடித்தால் காயிலைவிட சீல்களையே முதலில் சந்தேகப்படுங்கள். சாதாரண கம்ப்ரஷன் கேஜ் இதற்கு உதவாது. ஒரு ரோட்டருக்கு மூன்று முகம். சாதாரண கேஜ் அந்த மூன்றில் அதிகமான அளவை மட்டும் பிடித்து வைத்துக்கொள்ளும், ஒரு முகம் போயிருந்தாலும் மறைத்துவிடும். ரோட்டரிக்கென்றே உள்ள டெஸ்டரில் ஆறு அளவுகளும் தனித்தனியாக வர வேண்டும். செல்ஃப் வேகம் 250 ஆர்பிஎம் என்ற கணக்கில் 830 கிலோபாஸ்கல் நல்ல எஞ்சினின் அளவு, 680 கடைசி எல்லை. ஒரே ரோட்டரின் முகங்களுக்குள் 150க்கு மேலும், இரண்டு ரோட்டர்களுக்குள் 100க்கு மேலும் வித்தியாசம் இருக்கக் கூடாது. எல்லைக்குக் கீழே வந்த வண்டிக்கு இந்தக் காயிலை வாங்க வேண்டாம். அந்தக் காசு எஞ்சின் வேலைக்குப் போகட்டும்.

மாற்றும் வேலை கடினமில்லை, பொறுமை வேண்டும். எஞ்சின் முழுவதும் ஆறட்டும். ஒயர்களைக் கழற்றும் முன் மாஸ்கிங் டேப்பில் எல்1, எல்2, டி1, டி2 என்று எழுதி ஒட்டி, போட்டோவும் எடுத்துக்கொள்ளுங்கள். இங்கே ஒயர் மாறினால் பேக்ஃபயர் அடிக்கும். பிளக்கை எட்ட, முன்பக்க இடது சக்கரத்தைக் கழற்றி அந்த வழியாகக் கை விடுவதுதான் வசதி. லீடிங் என்ஜிகே ஆர்இ7சி-எல், டிரெய்லிங் என்ஜிகே ஆர்இ9பி-டி. இரண்டையும் ஒருபோதும் இடம் மாற்றிப் போடாதீர்கள். இடைவெளியை நீங்கள் வளைத்துச் சரிசெய்யத் தேவையில்லை. ஹவுசிங் அலுமினியம் என்பதால் முதலில் கையாலேயே சுற்றி ஏற்றி, பிறகு டார்க் ரென்ச்சில் 13 முதல் 17 நியூட்டன் மீட்டருக்குள் நிறுத்துங்கள். கூடுதலாக டைட் வைத்தால் மரை போய்விடும். மரை போன ரோட்டர் ஹவுசிங் சின்னச் செலவில்லை. ஒயர் முனையின் ரப்பர் உறைக்குள் கொஞ்சம் டைஎலெக்ட்ரிக் (மின்சாரம் கடத்தாத) கிரீஸ் தடவி, டக் என்று உட்காரும் வரை அழுத்துங்கள். பேட்டரியைக் கழற்றியிருந்தால், வேலை முடிந்ததும் சாவியை ஆன் நிலையில் வைத்து பிரேக்கை 8 வினாடிக்குள் 20 முறை மிதியுங்கள். ஷாஃப்ட் பொசிஷன் சென்சாரின் பதிவு புதிதாகத் தொடங்கும். இதை விட்டுவிட்டு, புதுக் காயில் போட்டும் மிஸ்ஸிங் போகவில்லை என்று காயிலைக் குறை சொல்வது நியாயமில்லை.

பொருளைப் பற்றி இரண்டு குறை. ஒன்று விலை: நான்கும் சேர்ந்தால் கை கடிக்கும். இரண்டு, மாஸ்டா இந்தக் காயிலைப் பல தடவை திருத்தி, பாகம் எண்ணின் கடைசி எழுத்தை மாற்றிக்கொண்டே வந்தும் அடிப்படைச் சிக்கல் தீரவில்லை. அதே இடம், அதே சூடு, அதே வேலைப்பளு. புதிதாகப் போட்ட காயில் நம்பகமாக ஓடும். ஆனால் ஆயுள் நீளும் என்று எதிர்பார்க்க முடியாது.

ஆனாலும் இணையச் சந்தையில் நான்கு காயிலை ஒரு அசல் காயிலின் விலைக்கும் குறைவாக விற்பவர்களிடம் போகாதீர்கள். பார்க்க ஒரே மாதிரி இருக்கும், ஐட்லிங்கில் ஒரே மாதிரி ஓடும். 7,000 ஆர்பிஎம்மில் சூடு ஏறியதும்தான் வித்தியாசம் தெரியும், அதற்குள் கன்வர்ட்டர் பாதி போயிருக்கும். தெரிந்த டீலரிடம் பில்லோடு வாங்கி, எண்ணின் கடைசியில் சி இருக்கிறதா என்று பெட்டியிலும் பாருங்கள்.

டர்போவோ சூப்பர்சார்ஜரோ ஏற்றியவர்களுக்கும் டிராக்கில் தொடர்ந்து 9,000ஐத் தொடுகிறவர்களுக்கும் ஜெனரல் மோட்டார்ஸ் டிரக் எஞ்சின்களில் வரும் டி585 காயிலை வைத்துச் செய்யப்படும் கிட் பொருத்தம். பொறி வலுவானது, முதுகில் ஹீட் சிங்க்கும் உண்டு. பிராக்கெட், ஒயரிங், பிளக் ஒயர் மூன்றும் மாறும். அப்படிப் போகிறவர்கள் அசல் கப்ளர்களை வெட்டாமல் இடைச்சொருகும் ஒயரிங் உள்ள கிட்டாகப் பார்த்து எடுத்து, பழைய பிராக்கெட்டைப் பத்திரமாக வையுங்கள். வண்டியை வாங்க வருகிறவர் அசல் நிலையில் கேட்டால் ஒரு மதியத்தில் திருப்பி மாட்டிவிடலாம்.