முகவரி இல்லாத ஆர்டர்: நான்கு வழிகளில் எது தேறும்?

பினாங்கு ஜார்ஜ்டவுனில் ஒரு நாசி கண்டார் சோற்றுக்கடைக்கு ஜாவாஸ்கிரிப்ட் நிரல்மொழியில் ஆர்டர் செயலி எழுதினேன். வீட்டுக்கு அனுப்பும் ஆர்டரில் முகவரி இருக்கும். கடைக்கே வந்து பொட்டலம் வாங்குகிறவர் ஆர்டரில் அந்த இடம் ‘நல்’ (null), அதாவது வெறுமை என்று குறித்த மதிப்பு. முகவரியிலிருந்து அஞ்சல்குறியை எடுக்க நான் எழுதியது:

ஆர்டர்.முகவரி.அஞ்சல்குறி

(ஜாவாஸ்கிரிப்ட்டில் தமிழ்ப் பெயர்கள் உண்மையிலேயே ஓடும்.) பொட்டலம் வாங்க வந்த முதல் ஆளுக்கே டைப் எரர் என்ற பிழை, திரை வெள்ளை.

பழைய கை வைத்தியம் && சங்கிலி. முன்னது இருந்தால் மட்டும் அடுத்ததைப் பார் என்கிற குறி அது; ஒவ்வொரு படியையும் தட்டிப் பார்த்து இறங்கலாம். நீளத்தைப் பொறுத்துக்கொள்ளலாம், இன்னொரு வினைதான் பொல்லாதது. அனுப்பும் கட்டணத்தை, அது இல்லையென்றால் 5 என்று, இப்படி எழுதினேன் (|| என்றால் ‘அல்லது’):

ஆர்டர்.அனுப்பு && ஆர்டர்.அனுப்பு.கட்டணம் || 5

மறுநாள் கடை அண்ணன் கூப்பிட்டார்: “தம்பி, இலவசம்னு போட்டிருக்கோம், பில்லுல அஞ்சு வெள்ளி வருதே?” 0 என்பதும் || கண்ணுக்குப் ‘பொய்’. அதனால் அதை 5 ஆக்கிவிட்டது.

எந்தப் பிழை வந்தாலும் பிடித்துக்கொள்ளும் ட்ரை-கேட்ச் போட்டு மூடுவதை நான் கையிலெடுப்பதே இல்லை. முகவரி இல்லாததையும், நான் தப்பாக எழுதிய மாறிப் பெயரையும் ஒரே குப்பைத்தொட்டியில் போட்டுவிடும்.

லோடாஷ் என்ற ஜாவாஸ்கிரிப்ட் நிரல் நூலகத்தின் ‘கெட்’ செயல்பாடு வேறு வகை. 'முகவரி.அஞ்சல்குறி' என்று பாதையையே எழுத்துச் சரமாகக் கொடுக்கிறோம், கடைசியில், எதுவும் கிடைக்காவிட்டால் தர ஒரு மாற்று மதிப்பு. எந்தப் புலம் வேண்டும் என்பது அமைப்புக் கோப்பிலிருந்து வருமானால் இன்றும் இதுதான் வசதி. ஆனால் பாதையில் ஓர் எழுத்து விட்டுப்போனால் சத்தமே இல்லாமல் மாற்று மதிப்பு வந்து நிற்கும். இன்னொன்று: கிடைத்தது ‘அன்டிஃபைன்ட்’ (மதிப்பே தரப்படாதது) என்றால் மட்டுமே மாற்று வரும். ‘நல்’ என்றால் ‘நல்’ அப்படியே திரும்பும். என் கடை ஆர்டரில் அஞ்சல்குறியை நிரப்பாமல் விட்டவர்களுக்கு ரசீதில் அப்படித்தான் விழுந்தது.

2020-இல் ஜாவாஸ்கிரிப்ட் மொழிக்குள்ளேயே ?. என்ற குறி வந்துவிட்டது, அதன் மேல் கட்டிய டைப்ஸ்கிரிப்ட் மொழியின் 3.7 பதிப்பு அதை 2019 நவம்பரிலேயே கொடுத்திருந்தது.

ஆர்டர்.முகவரி?.அஞ்சல்குறி
ஆர்டர்.அனுப்பு?.கட்டணம் ?? 5

இடப்பக்கம் ‘நல்’ அல்லது ‘அன்டிஃபைன்ட்’ என்றால் ?. அங்கேயே நின்றுவிடும், மீதிச் சங்கிலி ஓடாது. கூடவே பிறந்த ?? அந்த இரண்டுக்கு மட்டுமே மாற்றைத் தரும், 0 பிழைத்துக்கொள்ளும். அண்ணன் பில் அன்றே சரியானது. மதிப்பை எழுதும்போது இடப்பக்கத்தில் ?. வராது, அது இலக்கணப் பிழை. குறி எந்தப் பெயருக்குப் பின்னால் நிற்கிறதோ அதற்குத்தான் காவல்: ஆர்டர்?.முகவரி.அஞ்சல்குறி என்றால் முகவரி ‘நல்’ ஆனதும் பழையபடி வெள்ளைத் திரைதான்.

ருசி கண்டதும் எல்லாப் புள்ளிக்கும் முன்னால் கேள்விக்குறி தூவத் தொடங்கினேன். இப்போது பாதியை அழித்துவிட்டேன். பொட்டலக்காரருக்கு முகவரி இல்லாதது இயல்பு, அங்கே ?. இருக்கட்டும். வாங்கிய பொருள்களின் பட்டியலே இல்லாமல் ஓர் ஆர்டர் வந்தால் செயலி விழட்டும்; அடுக்களைக்கு வெற்றுச் சீட்டு போவதற்குள் எனக்குத் தெரியவேண்டும்.