கொழும்புக்கு வான் வண்டியில்: இரவா, விடியப்புறமா?

யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்பு ஏறக்குறைய 400 கிலோமீற்றர். சின்னப் பிள்ளைகளோடு வெளிக்கிடும் வீடுகளில் இந்தக் கேள்வி தவறாமல் வரும்.

தூக்கம்
இரவு: சாவகச்சேரி தாண்டமுன்னரே தூங்கிவிடுவார்கள். ஆனால் பெல்ட்டிலிருந்து நழுவிச் சரிவார்கள். மடியில் தூக்கி வைப்பது பாதுகாப்பில்லை.
விடியப்புறம்: எழுப்பும்போது ஒரு சிணுங்கல். வான் ஓடத் தொடங்க மறுபடி தூக்கம்.

சத்தி (வாந்தி)
இரவு: தூங்கும் பிள்ளைக்குக் குறைவு.
விடியப்புறம்: 2 வயதுக்கும் 12 வயதுக்கும் இடையில் இந்தத் தொல்லை அதிகம். போனைக் கொடுக்காமல் முன்பக்கம் பார்க்க வையுங்கள். வயிறு முட்டவும் கூடாது, வெறுமையாகவும் இருக்கக்கூடாது.

இறங்கி நிற்க
இரவு: பெரும்பாலான கடைகள் பூட்டு.
விடியப்புறம்: வழியில் முறிகண்டிப் பிள்ளையார் கோவிலடியில் தேங்காய் உடைத்து, கச்சான் (வேர்க்கடலை) வாங்கி, கால் நீட்டலாம். 5 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு முழுக் கச்சான் வேண்டாம், தொண்டையில் சிக்கும். அதுவும் ஓடும் வானில் கொடுக்கவே கூடாது.

சாரதி
எனக்கு இதுதான் பெரிய விஷயம். இரவு 2 மணியிலிருந்து விடியும்வரை எவருக்கும் கண் சொக்கும். வன்னிப் பக்கம் மாடுகள் தார் றோட்டிலேயே படுத்திருக்கும். கறுப்பு மாடு கிட்டப் போகும்வரை தெரியாது. விடியப்புறம் போனால் வெளிச்சம் கூடவே வரும்.

செலவு
இரவில் சாப்பாட்டுக் காசும் ஒரு பகலும் மிச்சம்.

காலையிலேயே கொழும்பில் வைத்தியரையோ விசா அலுவலையோ பார்க்க வேண்டும், மாறி ஓட்ட இரண்டு பேர் உண்டு என்றால் சரி, இரவில் போங்கள். ஒரே சாரதி என்றால் விடியப்புறம்தான்.