ஜிப்ரால்டரா, செயுத்தாவா? ஒரு நீரிணை, இரண்டு குட்டி ஊர்கள்

ஸ்பெயினின் தென்கோடி வரை போகிறவர்கள் பெரும்பாலும் ஜிப்ரால்டரையும் பார்த்துவிட்டு வருவார்கள். நீரிணையைத் தாண்டி ஆப்பிரிக்கக் கரையில் இருக்கும் செயுத்தாவைப் பற்றி அநேகம் பேர் யோசிப்பதில்லை. ஜிப்ரால்டர் ஸ்பெயினை ஒட்டியிருக்கும் பிரிட்டிஷ் பிரதேசம். செயுத்தா மொராக்கோவை ஒட்டியிருக்கும் ஸ்பானிய நகரம். ஜிப்ரால்டரை ஸ்பெயின் உரிமை கோருகிறது, செயுத்தாவை மொராக்கோ உரிமை கோருகிறது. இரண்டிலும் கிறிஸ்தவர், முஸ்லிம், யூதர், இந்து என நான்கு சமயத்தவரும் தலைமுறை தலைமுறையாக இருக்கிறார்கள். ஒன்றுக்குத்தான் நேரம் இருக்கிறது, எங்கே போகலாம் என்று கேட்பவருக்கு என் பதில் செயுத்தா. ஆனால் ஜிப்ரால்டரின் பக்கம் நியாயம் நிறையவே உண்டு. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஜிப்ரால்டர் மொத்தமே 6.8 சதுர கிலோமீட்டர், மக்கள் 34,000 பேருக்கு மேல். ஸ்பெயின் பக்கமுள்ள லா லினேயா ஊரிலிருந்து நடந்தே உள்ளே போகலாம். எல்லையைத் தாண்டியதும் காலுக்குக் கீழே வருவது விமான ஓடுதளம். 2023 வரை கார்களும் அதன் மேலேயே குறுக்கே ஓடின. இப்போது அவற்றுக்குச் சுரங்கப்பாதை வந்துவிட்டது. நடப்பவர்கள் இன்னமும் ஓடுதளத்தைக் கடக்கலாம். விமானம் வரும் நேரத்தில் தடுப்பு இறங்கிவிடும். பெட்டியும் பையுமாக நாமும், வேலைக்குப் போகும் ஸ்பானியத் தொழிலாளிகளும், பள்ளிப் பிள்ளைகளும் சேர்ந்து காத்து நிற்போம்.

அதற்கு அப்புறம் எங்கே திரும்பினாலும் அந்தப் பாறைதான். 426 மீட்டர் உயரச் சுண்ணாம்புக்கல், உள்ளே முழுக்கக் குடைந்திருக்கிறார்கள். 1779 முதல் 1783 வரை ஸ்பெயினும் பிரான்சும் முற்றுகையிட்டபோது பாறையைத் துளைத்துப் பாதை போட்டார்கள். வெடிமருந்துப் புகை வெளியேற இட்ட ஓட்டை பீரங்கி வைக்கவும் வாகாக இருந்ததால், சுவர் நெடுக அதே மாதிரி திறப்புகள் வந்தன. அந்தத் திறப்பு ஒன்றின் வழியே எட்டிப் பார்த்தால் கீழே எல்லையும் ஓடுதளமும் தெரியும். இந்த இடத்துக்காக ஏன் இத்தனை பேர் சண்டை போட்டார்கள் என்று புரிய வேறு விளக்கமே வேண்டாம். இரண்டாம் உலகப் போரில் இன்னும் குடைந்தார்கள். சுரங்கங்களின் மொத்த நீளம் இப்போது ஐம்பது கிலோமீட்டருக்கு மேல். மேலே வாலில்லாக் குரங்குகள் உண்டு. பிளாஸ்டிக் பை சரசரத்தால் போதும், தோளில் வந்து உட்கார்ந்துவிடும்.

செயுத்தாவில் இப்படி மூச்சை நிறுத்தும் ஒற்றைக் காட்சி கிடையாது. நகரின் கிழக்கு முனையில் கோட்டையோடு மோன்தே ஆச்சோ குன்று இருக்கிறது. மேற்கே, நிலக்கழுத்தின் குறுக்கே அரச மதில்கள். மதில்களுக்கு நடுவே உள்ள அகழியில் கடல்நீர் ஓடுகிறது, வடக்கு விரிகுடாவிலிருந்து தெற்கு விரிகுடாவுக்குப் படகில் அதன் வழியே போகலாம். அழகான இடம்தான். ஆனால் பாறைக்கு முன்னால் தோற்றுவிடும். காட்சிக்காக மட்டும் வருகிறீர்கள் என்றால் ஜிப்ரால்டருக்கே போங்கள்.

என் மனம் செயுத்தா பக்கம் சாய்வதற்குக் காரணம் அங்கே வாழும் விதம்.

ஜிப்ரால்டரில் கலப்பு ஏறக்குறைய நடந்து முடிந்த கதை. 1704-இல் ஆங்கிலேய, டச்சுக் கப்பற்படை ஊரைப் பிடித்ததும் அங்கிருந்த ஸ்பானியர்கள் பெரும்பாலும் வெளியேறினார்கள். அந்த இடத்தை இத்தாலியின் ஜெனோவாக்காரர்கள், மால்டாக்காரர்கள், போர்ச்சுகீசியர்கள், மொராக்கோ யூதர்கள் நிரப்பினார்கள். யூதரும் மூர்களும் (வட ஆப்பிரிக்க முஸ்லிம்கள்) குடியிருக்கக் கூடாது என்று, ஊரைப் பிரிட்டனுக்கு விட்டுக்கொடுத்த 1713-ஆம் ஆண்டு உத்ரெக்ட் ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்தும், 1720-களிலேயே அங்கே யூத ஆலயம் வந்துவிட்டது. படைக்குச் சோறு மொராக்கோவிலிருந்து வர வேண்டும், அந்த வியாபாரம் யூதர் கையில் இருந்தது, அவ்வளவுதான். சூயஸ் கால்வாய் திறந்த பிறகு கப்பல் பாதையைப் பிடித்துக்கொண்டு சிந்தி வியாபாரிகள் வந்தார்கள். எஞ்சினியர் லேன் என்ற சந்தில் அவர்களுடைய கோயில் இருக்கிறது.

இத்தனை பேரும் காலப்போக்கில் ஒரே மக்களாகிவிட்டார்கள். யானிட்டோ என்ற அவர்கள் பேச்சில் தென் ஸ்பெயினின் ஆந்தலூசிய ஸ்பானியமும் ஆங்கிலமும் ஒரே வாக்கியத்துக்குள் மாறி மாறி வரும். ஊர்ப் பலகாரமான கலெந்தித்தா ஜெனோவாவிலிருந்து வந்தது. கடலை மாவு, தண்ணீர், எண்ணெய், உப்பு, மிளகு, அவ்வளவுதான் சேர்மானம். தட்டில் ஊற்றி அடுப்பில் சுட்டால் மேலே முறுகி, உள்ளே அல்வா பதத்தில் இருக்கும். சைவம் சாப்பிடுகிறவர்கள் தேடிப் போய்ச் சாப்பிடலாம். இவர்களை இறுக்கிக் கட்டியதில் ஸ்பெயினின் நெருக்கடிக்கும் பெரிய பங்கு உண்டு. 1967 வாக்கெடுப்பில் பிரிட்டனோடு இருக்க 12,138 பேர், ஸ்பெயினோடு சேர 44 பேர் வாக்களித்தார்கள். 1969-இல் ஸ்பெயினின் சர்வாதிகாரி பிராங்கோ எல்லையை மூடினார். 1982 டிசம்பரில்தான் நடந்து போகிறவர்களுக்குத் திறந்தார்கள். அதுவரை இரு பக்கமும் பிரிந்துகிடந்த உறவினர்கள் வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று சத்தம் போட்டு நல்லது கெட்டது பேசிக்கொண்டார்கள்.

செயுத்தாவில் நிலைமை வேறு. 18.5 சதுர கிலோமீட்டரில் 83,000 பேர் அளவில் இருக்கிறார்கள். 1415-இல் போர்ச்சுகல் பிடித்த ஊர் இது. 1640-இல் போர்ச்சுகல் ஸ்பெயினைவிட்டுப் பிரிந்தபோது இவர்கள் ஸ்பெயினோடே நின்றுவிட்டார்கள். ஆனாலும் நகரக் கொடியில் இன்று வரை போர்ச்சுகலின் சின்னம்தான் பறக்கிறது. மக்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் மொராக்கோ வேர் கொண்ட முஸ்லிம்கள். அவர்களில் பெரும்பாலோருக்கு 1980-களின் பிற்பகுதியில்தான் ஸ்பானியக் குடியுரிமை கிடைத்தது. வீட்டில் பேசும் தாரிஜா என்ற மொராக்கோ அரபுக்கு இன்னும் அரசு அங்கீகாரம் இல்லை. அதே நேரம், ஹஜ்ஜுப் பெருநாளுக்கு 2010 முதல் ஊர் முழுவதும் அரசு விடுமுறை. ஸ்பெயினின் பெருநிலத்தில் இதை எதிர்பார்க்க முடியாது.

இங்கேயும் சிந்திகள் உண்டு, கோயிலும் உண்டு. 2017 ஆகஸ்டில் விநாயகரைத் தூக்கிக்கொண்டு ஊர்வலம் போனவர்கள், ஊரின் காவல் தெய்வமாகிய ஆப்பிரிக்க அன்னையின் தேவாலயத்துக்குள் நுழைந்தார்கள். உள்ளே வரவேற்பு கிடைத்தது. செயுத்தாவையும் கவனிக்கும் காதிஸ் ஆயரகம் அதைக் கண்டித்தது, செயுத்தாவில் பொறுப்பிலிருந்த பாதிரியார் பதவி விலக நேர்ந்தது. எனக்குச் செயுத்தா என்றால் முதலில் நினைவுக்கு வருவது இந்தச் சம்பவம்தான். அங்கே சமயங்கள் அடுத்தடுத்த வாசலில் குடியிருக்கின்றன. எவ்வளவு நெருங்கலாம், எங்கே நிறுத்திக்கொள்ள வேண்டும் என்ற பேச்சுவார்த்தை இன்னும் முடியவில்லை. வழிப்போக்கனுக்கும் அது கண்ணில் படும், ஏனென்றால் நகரமே அவ்வளவு சிறியது.

வருத்தமான பக்கத்தையும் மறைக்கக் கூடாது. மொராக்கோவை ஒட்டி உயரமான இரட்டை வேலி ஓடுகிறது. தாராஹால் எல்லையில், முதுகில் சுமந்து போகும் மூட்டைக்குச் சுங்கவரி இல்லை என்ற நிலையால், மொராக்கோப் பெண்கள் தங்களைவிடக் கனமான பொதிகளைச் சுமந்து வயிறு வளர்த்தார்கள். 2019-இல் மொராக்கோ அதை நிறுத்தியது. 2021 மே மாதம் இரண்டே நாளில் சுமார் 8,000 பேர் நீந்தியும் கடலோரமாக நடந்தும் உள்ளே வந்தார்கள், அவர்களில் சிறுவர்களும் ஏராளம். எல்லையோரம் உள்ள பென்சூ பக்கம் போய்ப் புதினாத் தேநீர் குடித்தபடி மொராக்கோவின் ஜெபல் மூசா மலையைப் பார்க்கும்போது வேலியும் கூடவே தெரியும். அதைப் பார்க்க மனமில்லை என்பவருக்கு இந்த ஊர் வேண்டாம்.

சரி, நடைமுறை. இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்குச் செயுத்தா சுலபம். ஸ்பெயினுக்கான ஷெங்கன் விசா (ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவானது) அங்கேயும் செல்லும். ஆனால் திரும்பக் கப்பல் ஏறும்போது கடவுச்சீட்டைச் சரிபார்ப்பார்கள். அங்கிருந்து மொராக்கோவுக்குள் போய்விட்டுத் திரும்பும் எண்ணம் இருந்தால் மொராக்கோ விசாவும், பலமுறை நுழையும் ஷெங்கன் விசாவும் கட்டாயம். ஜிப்ரால்டர் ஷெங்கனுக்குள் இருந்ததில்லை, தனி அனுமதி கேட்பதே வழக்கமாக இருந்தது. நில எல்லைச் சோதனையை எடுத்துவிட 2025 ஜூனில் பிரிட்டனும் ஐரோப்பிய ஒன்றியமும் உடன்பட்டன. விதிகள் மாறும் காலம் என்பதால் டிக்கெட் போடும் முன் அன்றைய நிலையைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

செலவில் செயுத்தாவே மேல். ஜிப்ரால்டரில் தங்குவது கையைக் கடிக்கும். லா லினேயாவில் அறை எடுத்துக்கொண்டு பகலில் நடந்து போய் வருவதுதான் புத்திசாலித்தனம். சில்லறையாக ஜிப்ரால்டர் பவுண்டு தருவார்கள், அங்கேயே செலவழித்துவிடுங்கள், லண்டன் கடையில் நீட்டினால் வாங்க மாட்டார்கள். வரி குறைவு என்று இரண்டு ஊரிலும் வாசனைத் திரவியமும் மதுவும் விற்கிறார்கள், அதற்காகப் போக வேண்டியதில்லை. செயுத்தாவில் வாங்குவதானால் சந்தையில் கருவாடு வாங்குங்கள். காற்றில் உலர்த்திய பறக்கும்மீன் அந்த ஊர்ச் சரக்கு.

ஜிப்ரால்டருக்கு ஒரு முழுப் பகல் போதும். செயுத்தாவுக்குக் குறைந்தது ஓர் இரவாவது தங்க வேண்டும். பகல் கப்பலில் வந்து மாலையில் திரும்பினால் மதிலும் கடைத்தெருவும் பார்த்ததோடு சரி. இரண்டையும் பார்க்க முடிந்தவர்கள் ஸ்பெயினின் துறைமுக ஊரான அல்ஹெசிராஸில் தங்கலாம். ஜிப்ரால்டர் எல்லைக்குப் பேருந்து உண்டு, செயுத்தாவுக்குக் கப்பலில் ஒரு மணி நேரம். கிழக்குக் காற்று பலமாக அடித்தால் மட்டும் கப்பலை நிறுத்திவிடுவார்கள், பாறையின் தலையிலும் மேகம் கவிந்து எதுவும் தெரியாது. ஆகவே விமானத்துக்கு முந்தைய நாளைச் செயுத்தாவில் வைத்துக்கொள்ளாதீர்கள்.