எக்ஸில் தொடங்கும் சொற்கள்: ஜெராக்ஸ் கடையில் மூன்று வருடம்

பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரிக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பதினோரு வருடமாக அந்தப் பலகைக்குக் கீழேதான் உட்கார்ந்திருக்கிறேன். அதில் பெரிதாக எழுதியிருக்கும் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று முதல் எட்டு வருடம் எனக்குத் தெரியாது. நகல் எடுப்பது என்றுதான் நினைத்திருந்தேன்.

பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்தவள் நான். ஆங்கிலத்தைப் பிடித்துவிட வேண்டும் என்ற ஆசை எப்போதும் உண்டு. ஒரு ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் மூவாயிரத்து ஐநூறு ரூபாய் கட்டினேன், பேர் வேண்டாம். தினம் முப்பது சொல் என்று அச்சிட்ட தாளைக் கையில் கொடுத்தார்கள். அகர வரிசையில், ஏ எழுத்திலிருந்து. பி எழுத்தைத் தொடுவதற்குள் வகுப்பே முடிந்துவிட்டது. அதற்கு முன்னாலும் இரண்டு முறை அகராதியை முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்துப் பாதியில் விட்டிருக்கிறேன். மூன்று முறையும் நின்றது ஏ எழுத்தில்தான்.

மூன்று வருடத்துக்கு முன் ஒரு தாவரவியல் மாணவன் ரெக்கார்டு நோட்டைக் கொண்டுவந்து கொடுத்தான். தண்டின் குறுக்குவெட்டுப் படம். பாகங்களின் பெயர் ஆங்கிலத்தில். கண்ணாடியில் கவிழ்த்து வைக்கும்போது எக்ஸில் தொடங்கும் ஒரு சொல் கண்ணில் பட்டது. "தம்பி, இது எக்ஸைலமா?" என்று கேட்டேன். "சைலம்க்கா" என்றான். சைலம், புளோயம், செடிக்குள் தண்ணீரையும் உணவையும் கொண்டுபோகும் திசுக்கள். பத்தாம் வகுப்பில் நான் மனப்பாடமாக எழுதி மார்க் வாங்கிய அதே சைலம்! அது எக்ஸில் தொடங்கும் என்று யாருமே சொல்லவில்லை. அன்று மத்தியானம் கூட்டம் ஓய்ந்ததும் பழைய புத்தகக் கடையில் வாங்கிய ஆங்கிலம்-தமிழ் அகராதியை எடுத்து எக்ஸ் எழுத்தைத் தேடினேன். ஒரு பக்கம்கூட நிறையவில்லை. இதையாவது முடித்துவிடலாம் என்று தோன்றியது. அப்படித்தான் ஆரம்பித்தேன்.

நான் செய்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு லாங் சைஸ் நோட்டு. ஒரு சொல்லுக்கு அரைப் பக்கம். ஆங்கில எழுத்தில் சொல், போனில் கேட்டு எழுதிய தமிழ் உச்சரிப்பு, பொருள், வேர், அப்புறம் நானே எழுதிய ஒரு வாக்கியம். ஒரு நாளைக்கு ஒரு சொல்லுக்கு மேல் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை புதுச் சொல் கிடையாது, பழையதைப் பார்க்காமல் எழுத வேண்டும். எக்ஸுக்கு ஐந்து மாதம் ஆனது. அகராதியில் இருந்தவை தீர்ந்த பிறகு போனில் தேடி, மொத்தம் அறுபத்தொரு சொல் எழுதினேன்.

மூன்றாவது வாரத்திலேயே ஒன்று புரிந்துவிட்டது. இந்தச் சொற்களில் பெரும்பாலானவை நாலைந்து கிரேக்க வேர்களிலிருந்து கிளைத்தவை. க்ஸைலோன் என்றால் மரக்கட்டை. சைலம் அதிலிருந்து வந்தது. மரச்சட்டங்களைத் தட்டி வாசிக்கும் சைலஃபோனும் அப்படித்தான், மர ஓசை. க்ஸெனோஸ் என்றால் அந்நியர், விருந்தாளி என்றும் பொருள் உண்டு. 1898-இல் ராம்சேயும் டிராவர்ஸும் கண்டுபிடித்த வாயுவுக்கு ஸெனான் என்று பெயர் வைத்தது, அது புதிதாக வந்த அந்நியன் என்பதால். வெளியாள் மீதான வெறுப்பைச் சொல்லும் ஸெனோஃபோபியாவும் இதே வேர். க்ஸாந்தோஸ் மஞ்சள். இலையில் இருக்கும் மஞ்சள் நிறமி ஸாந்தோஃபில். நெல்லில் இலைக்கருகல் நோயைக் கொண்டுவரும் ஸாந்தோமோனாஸ் பாக்டீரியாவின் பெயரிலும் அந்த மஞ்சள்தான் இருக்கிறது, ஏனென்றால் அது மஞ்சளாக வளரும்.

க்ஸீரோஸ் என்றால் உலர்ந்தது. என் பலகையில் இருக்கும் சொல்.

இதை எழுதிய நாளை நான் மறக்கவே மாட்டேன். அமெரிக்காவில் செஸ்டர் கார்ல்சன் என்பவர் 1938 அக்டோபர் 22 அன்று நியூயார்க்கின் அஸ்டோரியா பகுதியில் ஒரு வாடகை அறையில் உதவியாளரோடு சேர்ந்து முதல் நகலை எடுத்திருக்கிறார். கந்தகம் பூசிய துத்தநாகத் தகட்டைக் கைக்குட்டையால் தேய்த்து மின்னேற்றி, அன்றைய தேதியும் ஊர்ப் பெயரும் எழுதிய கண்ணாடிச் சில்லை அதன்மேல் வைத்து, வெளிச்சம் காட்டி, பொடி தூவி, மெழுகுத்தாளில் ஒற்றி எடுத்தார்கள். ஈர ரசாயனம் எதுவும் இல்லாத முறை. அதனால் 'உலர் எழுத்து' என்ற பொருளில் ஸெராகிராஃபி என்று பின்னால் பெயர் வந்தது. அதிலிருந்து ஜெராக்ஸ். 1959-இல் வந்த 914 என்ற இயந்திரம்தான் அந்தப் பெயரை உலகம் முழுக்கக் கொண்டுபோனது. ஒன்பதுக்குப் பதினான்கு அங்குலத் தாள் வரை நகலெடுக்கும் என்பதால் அந்த எண்.

இதைப் படித்ததும் எழுந்துபோய் டோனர் டப்பாவைத் திறந்து பார்த்தேன். தினமும் தொடுகிற பொடிதான். மாவு மாதிரி, விரலில் ஒட்டினால் துணியால் தட்டிவிடலாம், ஈரக்கையால் தேய்த்தால் அப்பிக்கொள்ளும். மெஷினுக்குள் இருக்கும் டிரம் என்ற உருளையில் மின்னேற்றம் உள்ள இடத்தில் பொடி ஒட்டுகிறது, தாளுக்கு மாறுகிறது, கடைசியில் சூட்டில் உருகிப் பிடிக்கிறது. மெஷினிலிருந்து வரும் தாள் வெதுவெதுப்பாக இருப்பது அதனால்தான். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் காகிதம் நமத்துப்போனால் இரண்டு இரண்டாக இழுத்து மாட்டிக்கொள்ளும். எழுத்தும் திட்டுத்திட்டாக விழும். மெஷின் பக்கத்தில் பண்டலைப் பிரித்து வைத்துச் சூடு காட்டித்தான் ஓட்டுவேன். அத்தனை வருடம் கையால் தெரிந்திருந்த விஷயம் அந்தச் சொல்லுக்குள்ளேயே இருந்திருக்கிறது. உலர்ந்திருந்தால்தான் வேலை நடக்கும்.

அதற்குப் பிறகு இந்த வேர் எனக்குப் பல இடங்களில் கைகொடுத்தது. பைண்டிங்குக்கு வந்த ஒரு பல் மருத்துவ ஆய்வேட்டின் தலைப்பில் ஸெரோஸ்டோமியா என்று இருந்தது. அகராதி இல்லாமலே, உலர்தல் சம்பந்தப்பட்டது என்று தெரிந்தது. வாய் உலர்ந்து போவது. கள்ளி மாதிரி வறண்ட நிலத் தாவரம் ஸெரோஃபைட். வைட்டமின் ஏ குறைவால் குழந்தைகளுக்குக் கண் உலர்ந்து போகும் நோய் ஸெராஃப்தால்மியா. அங்கன்வாடியில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பிள்ளைகளுக்கு வைட்டமின் ஏ திரவம் கொடுப்பது இதைத் தடுக்கத்தான். என் மகளுக்கும் கொடுத்திருக்கிறார்கள், எதற்கென்று அப்போது எனக்குத் தெரியாது.

உச்சரிப்புதான் பெரிய தலைவலி. மேலே நான் எழுதியிருக்கும் 'ஸ' எல்லாம் சரியான ஒலி இல்லை. சொல்லின் முதலில் வரும் எக்ஸை, ஆங்கிலத்தில் இசட் எழுத்தின் ஒலியாகச் சொல்கிறார்கள். நம் எழுத்தில் அது இல்லை. எக்ஸ்ரே, எக்ஸ்மஸ் போன்ற சில விதிவிலக்கு. 1895-இல் ரான்ட்ஜென் தான் கண்ட கதிர் என்னவென்று தெரியாததால் கணக்கில் தெரியாத எண்ணுக்கு வைப்பதுபோல எக்ஸ் என்று வைத்தார், அதனால் அங்கே எழுத்தின் பெயரே ஒலிக்கிறது. எக்ஸ்மஸில் இருப்பது கிரேக்கத்தில் கிறிஸ்து என்ற பெயரின் முதல் எழுத்து. அதைக் கிறிஸ்மஸ் என்றே வாசிப்பவர்களும் உண்டு.

கடைக்கு ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் வருவார். "எம்மா, என்ன அகராதிய விரிச்சி வச்சிக்கிட்டு உக்காந்திருக்க?" என்று கேட்டார். 1755-இல் சாமுவேல் ஜான்சன் தன் அகராதியில் எக்ஸில் ஆங்கிலச் சொல் எதுவும் தொடங்காது என்றே எழுதிவிட்டார் என்று சொன்னேன். அவருக்கு ஒரே சந்தோஷம். "நம்மகிட்டயும் மொழிமுதல் வராத எழுத்து இருக்குல்லா. ரகரம், லகரம், டகரம், றகரம். அதான் இராமன்னும் இலக்குவன்னும் எழுதுதோம்" என்றார். ஒரு வாரம் அதையே யோசித்துக்கொண்டிருந்தேன். முதலில் நிற்க முடியாத ஒலி வந்தால் நாம் முன்னால் ஒரு இகரம் போட்டு அந்த ஒலியைக் காப்பாற்றுகிறோம். ஆங்கிலக்காரர்கள் எழுத்தை அப்படியே வைத்துக்கொண்டு ஒலியை விட்டுவிட்டார்கள். இது புரிந்த பிறகு எனக்கு உச்சரிப்பில் குழப்பம் வரவில்லை.

சரி, எக்ஸ் சொற்களால் பேச்சு ஆங்கிலம் வளர்ந்ததா? இல்லை. அறுபத்தொன்றில் நான் வாய்விட்டுப் பயன்படுத்தியது ஐந்தாறுதான். ஸீபெக் என்ற மூன்று பாய்மரக் கப்பலை ஏழு முறை எழுதியும் மறந்துபோனேன். கடலும் கப்பலும் என் வேலையில் எங்கே வருகிறது? என் கையில் மாட்டாத சொல் எதுவும் நிற்கவில்லை. போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்கள் எக்ஸில் தொடங்க வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்வேன். ஆனால் ஒரு எழுத்தை முழுசாக முடித்தேன் என்ற தெம்பு எனக்கு வேறு எங்கும் கிடைக்காதது. அந்தத் தெம்பில்தான் கியூ எழுத்துக்குப் போனேன்.

கியூ வேறு உலகம். எழுத்து அரிது, சொற்கள் அன்றாடம் புழங்குபவை. ஒன்றரை வருடம் எடுத்தது, ஒரு நாள்கூட வீணில்லை. கடையில் தினம் விற்கிற குயர் நோட்டில் ஆரம்பித்தேன். "ரெண்டு குயர் நோட்டு கொடுங்க" என்று சின்னப் பிள்ளைகூடக் கேட்கும். ஒரு குயர் என்பது பழைய கணக்கில் 24 தாள், இப்போது 25. இருபது குயர் ஒரு ரீம், 500 தாள். லத்தீனில் 'நான்கு நான்காக' என்ற சொல்லிலிருந்து வந்தது. அந்தக் காலத்தில் நாலு தாளை ஒன்றாக மடித்துத் தைப்பார்களாம். காலாண்டுத் தேர்வைச் சொல்லும் குவார்ட்டர்லியிலும் அந்த நான்கு இருக்கிறது. பள்ளிக்கூடத்திலிருந்து கேட்டு வாங்கும் கொட்டேஷனுக்கு வேர், 'எத்தனை' என்ற லத்தீன் சொல். ரேஷன் கோட்டாவும் அதன் உறவு. கல்லாப்பெட்டிமேல் ஒட்டியிருக்கும் கியூஆர் கூட 'விரைவான பதில்' என்பதன் சுருக்கம், 1994-இல் ஜப்பானில் டென்சோ வேவ் நிறுவனம் உருவாக்கியது.

கொஸ்டின், கொயரி, தேடலைச் சொல்லும் குவெஸ்ட் மூன்றும் 'தேடு, கேள்' என்ற ஒரே லத்தீன் வினையிலிருந்து வந்தவை. ரிக்வெஸ்ட், ரிக்வயர், அக்வயர் ஆகியவற்றில் அதே வேர் நடுவில் ஒளிந்திருக்கிறது. முதல் எழுத்தை வைத்துப் படிக்கும் இந்த முறையின் பெரிய குறை இதுதான். முதலெழுத்தை மட்டும் பார்த்தால் இந்த மூன்றும் நோட்டுக்குள் வராது. அதனால் ஒவ்வொரு சொல்லுக்கும் கீழே 'உறவுகள்' என்று இரண்டு வரி விட்டு வைக்கிறேன். இப்போது சர்க்குலர் டைப் அடிக்க வரும்போது ரிக்வெஸ்டுக்கும் ரிக்வயருக்கும் உள்ள வித்தியாசத்தை நானே பார்த்துத் திருத்திக் கொடுக்கிறேன்.

இப்போது இசட் எழுத்தில் இருக்கிறேன். ஸீல், ஸெனித், ஸீரோ, ஸெஸ்ட் எல்லாம் ஆயிற்று. நேற்று வந்தது ஸிங்க், துத்தநாகம். கார்ல்சனின் அந்த வாடகை அறையில் கைக்குட்டையால் தேய்த்த தகடு. உறவுகள் என்ற இடத்தில் பழைய நோட்டின் பக்க எண்ணை எழுதி வைத்தேன்.